கோட்டைக் கடிதங்களில் திண்டுக்கற் சீமை

மதுரையிலிருந்து வருவோர்க்கும், பழனியிலிருந்து வருவோர்க்கும், திருச்சிராப்பள்ளிச் சாலையில் வருவோர்க்கும் முதலில் தெரிவது அந்தக் கல்தான். திண்டு போலக் கிடக்கும் அக்கல்லின் மீது 1605ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் எழுப்பத் தொடங்கிய மதிலுக்குப் பின்னர் மைசூரார் வந்தனர். ஐதர் அலி 1755இல் இங்கேயே பௌஜ்தாராக அமர்ந்து தம் வாழ்வின் பெரும் ஏற்றத்தைத் தொடங்கினார். கும்பினியார் 1767இலும் 1783இலும் இக்கோட்டையைப் பிடித்துப் பிடித்து இழந்து, 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் தலைமையில் மூன்றாம் முறை கைப்பற்றி, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதையும் தமதாக்கிக் கொண்டனர். இவையெல்லாம் பள்ளிச் சிறுவரும் ஒப்பிக்கும் செய்திகள். கல்லின் மீதிருந்த பீரங்கிகள் ஓய்ந்த பிறகு கல்லின் கீழே எழுதப்பட்ட கடிதங்களே இக்கட்டுரையின் பொருளாம்.

போர்க் காலத்தில் ஆளுநர்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களைத் தொகுத்துப் பாதுகாக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. 1861 முதல் 1865 வரை அமெரிக்க நாட்டை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுப் போரின்போதும், அதனைத் தொடர்ந்த மறுசீரமைப்புக் காலத்திலும், மாநில ஆளுநர்களுக்குக் கைம்பெண்களும் படைவீரர்களும் விடுதலை பெற்ற அடிமைகளும் எழுதிய கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அங்கே எளியவரின் சொல் எளியவரின் எழுத்துப் பிழையோடு அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. தமிழகத்தின் நிலை வேறு. இங்கு நடந்த போரும் பெரிது, அதன் பின் நடந்த மறுகட்டுமானமும் பெரிது. ஆயினும் கட்டுகளில் இருப்பது பெரும்பாலும் வென்றவரின் எழுத்து.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வரலாறே சுவையானது. 1805இல் சென்னை ஆளுநராயிருந்த வில்லியம் பெண்டிங்கு, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்த தாள்களை ஓரிடத்தில் சேர்க்க வகை செய்தார். மறு ஆண்டு சூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். அதன் விளைவாக அந்த ஆளுநர் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் சேர்த்து வைத்த தாள்கள் நிலைத்தன, அவர் நிலைக்கவில்லை. 1909இல் எழும்பூர்க் கட்டடத்திற்குச் சென்ற அத்தாள்களின் இருப்பிடம் 1973இல் இன்றைய பெயரைப் பெற்றது.

கடிதங்கள் அங்கே சென்ற வழியையும் அறிதல் வேண்டும். திண்டுக்கல்லில் இருந்த கலெக்டர் ஒரு கடிதம் எழுதினால் அதன் படி ஒன்று அவரது அலுவலகத்தில் தங்கும். மூலம் சென்னைக்குச் செல்லும். வரிச் செய்தியாயின் 1786இல் நிறுவப்பட்ட ரெவினியூ போர்டுக்கும், போர்ச் செய்தியாயின் இராணுவ ஆலோசனைக் குறிப்புகளுக்கும் போய், அங்கே மீண்டும் பெயர்த்தெழுதப்படும். அதன் படி ஒன்று கப்பலேறி இலண்டனைச் சேரும். ஒரே கடிதம் மூன்று இடங்களில் பிழைத்திருக்கும். கறையான் ஒன்றைத் தின்றாலும் மற்றொன்று எஞ்சும். பாளையக்காரர் எழுதிய ஓலைக்கோ இந்த வசதி இல்லை. அது ஒன்றே ஒன்று. படித்தபின் எரிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது. வைத்திருப்பவனுக்கு அது எமன். பகைவர் கையில் சிக்கிய ஓலைதான் பிழைத்தது. அதுவும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுத்தான் பிழைத்தது.

இதற்குத் திண்டுக்கல்லோடு தொடர்புடைய பழைய சான்று ஒன்று உண்டு. 1772 சூன் மாதம் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதர் நவாபு, கும்பினிப் படைகளால் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் மகளோடும் பிரதானி தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரரோடும் விருப்பாட்சிப் பக்கம் வந்தடைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐயாயிரம் குதிரை வீரரும் ஐயாயிரம் காலாட்களும் தந்தால் சீமையை மீட்கலாம் என்பது அதன் சாரம். நண்பருக்கு எழுதிய அக்கடிதம் இன்று கிடைப்பது பகைவரின் கோப்பிலே! அரசி எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1780இல் சிவகங்கையை மீட்டார். பிரதானியின் கணக்கு தவறவில்லை, காலம்தான் நீண்டது.

1792க்குப் பிறகு திண்டுக்கற் சீமையின் பாளையக்காரர்கள் புதிய எசமானரைச் சந்தித்தனர். விருப்பாட்சி, பழனி, ஆயக்குடி, இடையன்கோட்டை, கன்னிவாடி, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை எனச் சமவெளியிலும் மலையடியிலும் இருபதுக்கு மேற்பட்ட பாளையங்கள் இருந்தன. மைசூரார் கேட்டது பேஷ்குஷ். அதனைக் கொடுப்பதும் கொடாதிருப்பதும் அவரவர் வலிமையைப் பொறுத்ததாய் இருந்தது. கும்பினியார் கேட்டது கணக்கு. ஏரி எத்தனை, நஞ்சை எத்தனை, புஞ்சை எத்தனை, காவல் வரி யாருக்குப் போகிறது என்று அளந்து எழுதத் தொடங்கியபோதுதான் மோதல் உண்மையில் மூண்டது எனலாம். வாளை விடக் கணக்கு நோட்டு பாளையக்காரரை அதிகம் அச்சுறுத்தியது. இச்சீமையின் கலெக்டராக வந்த டி. பி. ஹர்டிஸ் இந்த அளவைப் பணியை முனைந்து செய்தவர். ஒரே பேனாவால் நிலக்கணக்கும் ஒற்றர் செய்தியும் எழுதியவர் என்று அவரைக் குறிப்பிடலாம்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாள் சென்னைக்கு எழுதிய கடிதத்தை, இவ்வரலாற்றைப் பேசும் எவரும் தவிர்க்க இயலாது. விசாரணையின் போதும், தூக்குமேடைக்கு நடந்த போதும், கட்டபொம்மன் அஞ்சாமல் நிமிர்ந்து நின்றதையும், தமக்கு எதிராக நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கியதையும் பானர்மேன் எழுதி வைத்திருக்கிறார். புகழும் நோக்கம் அவருக்கு இல்லை. நடந்ததை மேலிடத்திற்குத் தெரிவிக்கும் கடமை மட்டுமே இருந்தது. கூத்தும் கும்மியும் பாடிப் பெருக்கிய வீரத்திற்குத் தூக்கிலிட்டவரின் கடிதமே சான்றாய் நிற்பது, ஆவணங்களில் மட்டுமே காணக்கூடிய விந்தை.

இந்த இரு மரணங்களுக்குப் பின் விருப்பாட்சி கோபால நாயக்கரின் மலைக்கோட்டை கிளர்ச்சியாளரின் கூடமாயிற்று. 1800ஆம் ஆண்டில் திண்டுக்கல், மணப்பாறை, கோயம்புத்தூர், சிவகங்கைப் பகுதிகளின் தலைவர்கள் ஒருங்கிணைந்தனர். வடக்கே மைசூர், மராட்டிய எல்லையில் போரிட்டுக் கொண்டிருந்த தூந்தாஜி வாக்குக்கும் தூது சென்றது. அவ்வாண்டு சூன் தொடக்கத்தில், முகரம் பண்டிகையை ஒட்டிக் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது திட்டம். அது முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது. பிடிபட்டோரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10ஆம் நாள் தூந்தாஜியும் ஆர்தர் வெல்லெசுலியின் படையால் கொல்லப்பட்டார். அந்த ஆர்தர்தான் பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். அவருடைய தமையனார் அப்போது கல்கத்தாவில் தலைமை ஆளுநர். சென்னை ஆளுநரோ இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவு. ஒரு சில குடும்பங்களின் கடிதப் போக்குவரத்தாகவே அக்காலத்து ஆட்சி நடந்தது என்றாலும் மிகையன்று.

கோட்டையில் எழுதப்பட்ட இக்கடிதங்களில் கிளர்ச்சியாளருக்கு ஒரே பெயர்தான்: கலகக்காரர். கூட்டமைப்பு, உடன்படிக்கை, தூது என்ற சொற்களுக்குரிய செயல்களைச் செய்தவர்களையும் அச்சொல் கொள்ளைக்காரரோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பேராசிரியர் கே. இராசய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூல் இந்தக் கட்டுகளையே மூலமாகக் கொண்டது. அவர் புதிய தாள் எதையும் உண்டாக்கவில்லை. பழைய தாளைத் தலைகீழாகப் படித்தார். கலெக்டர் எதைக் கண்டு அஞ்சினாரோ அதிலிருந்து கிளர்ச்சியின் அகலத்தை அளந்தார். திண்டுக்கல்லின் பெயரால் ஒரு கூட்டமைப்பே இருந்தது என்பது தமிழ் வாசகர் கவனத்திற்கு வந்தது இத்தகைய வாசிப்பினால்தான்.

1801ஆம் ஆண்டு முழுவதும் போர். பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது. விருப்பாட்சியும் அவ்வாண்டில் கர்னல் இன்னெஸின் படையால் தாக்கப்பட்டு வீழ, கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் நகரின் கோபாலசமுத்திரக் குளத்தை அவர் பெயரோடும் அவர் முடிவோடும் இணைத்துக் கூறுவது ஊர் வழக்கு.

அவ்வாண்டு சூன் 16ஆம் நாள் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லா வருணத்தாரையும் விளித்து, நவாபின் அறியாமையால் நாடு அந்நியர் கைப்பட்டதைச் சொல்லி, ஐரோப்பியரோடு ஒருபோதும் இணங்காத பகைவன் என்ற கையொப்பத்தோடு முடியும் அவ்வறிக்கையும் ஆங்கிலப் பெயர்ப்பாகவே கும்பினியின் கோப்பில் ஏறியது. இன்று மேடைகளில் முழங்கப்படும் தமிழ் வாசகம் அவ்வாங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்கப்பட்டதே. ஆயினும் ஓரிடத்தில் ஆங்கிலத்தின் அடியிலிருந்து தமிழ் எட்டிப் பார்க்கிறது. இதனைப் படித்துப் பிறருக்கு எழுதிப் பரப்பாதவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்திற்கு ஆளாவான் என்று அவ்வறிக்கை எச்சரிக்கிறது. கோயில் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பார்த்தவர்க்கு இது பழகிய வாய்பாடு. கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷம் என்று தருமத்தைக் காப்பதற்காகப் பொறிக்கப்படுவது. நிலக்கொடைக்கு வேலியாக இருந்த சாபத்தை மருது ஓர் அரசியல் அறிக்கைக்கு வேலியாக்கினார். மொழிபெயர்த்த துபாஷி அச்சாபத்தை விட்டுவிடாமல் பெயர்த்தது தமிழுக்கு வாய்த்த பேறு. மூலம் போனாலும் அதன் மரபு எது என்று அறிய இவ்வொரு தொடர் போதும்.

அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை திண்டுக்கல் மலைப்பக்கம் வந்து போராடிப் பிடிபட்டு, நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவு ஒரு பிரகடனம் விடுத்தார். ஆயுதம் வைத்திருப்போர்க்கு மரண தண்டனை, ஒப்படைப்போர்க்கு மன்னிப்பு, சொத்துக்கும் வழக்கங்களுக்கும் பாதுகாப்பு, நிலையான வரிக்கு உறுதி. மருதுவின் அறிக்கை நாடெங்கும் ஒருவர் ஒருவராய்ப் பெயர்த்தெழுதப்பட வேண்டுமென வேண்டியது. ஆளுநரின் பிரகடனத்திற்கு அவ்வேண்டுகோள் தேவைப்படவில்லை.

இதன்பின் வந்த மறுகட்டுமானக் காலத்துக் கடிதங்கள் வாசிக்கச் சலிப்பூட்டுவன; ஆனால் சமவெளியின் இன்றைய முகத்தை வரைந்தவை அவையே. 1802ஆம் ஆண்டு 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சாசுவத நில ஏற்பாடு வந்தது. திண்டுக்கற் சீமை சமீன்களாகத் துண்டு போடப்பட்டது. வரி அளவு மிகுதி, விளைவு குறைவு. சில ஆண்டுகளுக்குள்ளேயே பல சமீன்கள் பாக்கிக்காகச் சர்க்காரிடமே திரும்பின. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் பெருங்காய்ச்சல் பரவி ஊர் ஊராக மக்கள் மாண்டனர். பின்னாளில் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. 1868இல் மதுரை நாட்டு வரலாற்றை எழுதிய ஜே. எச். நெல்சன் இந்தக் கலெக்டர் கடிதங்களைக் கொண்டே இவற்றைச் சொல்கிறார். ஒரு பாளையக்காரன் தூக்கிலேறியதற்கு ஒரு பத்தி, ஒரு கண்மாய் உடைந்ததற்கு நான்கு பக்கம் என்று அக்கடிதங்கள் செலவிடும் மையைக் கண்டு சிரிப்பவர் உண்டு. கண்மாயை நம்பிய குடியானவன் சிரித்திருக்க மாட்டான்.

எஞ்சியவர்களுக்கு நாடு கடத்தல். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டோர் எழுபதுக்கும் மேற்பட்டவர். அவருள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது வயது ஏறத்தாழப் பதினைந்து. திண்டுக்கல்லைச் சேர்ந்த ஷேக் உசேனும் அத்தீவில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவரே.

இப்போரில் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். போருக்கு முந்திய நாட்களில் தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று அதில் எழுதுகிறார். தமக்குக் கற்பித்தவரைக் காட்டு விலங்கு போல விரட்டிப் பிடிக்க நேர்ந்ததையும் மறைக்கவில்லை. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, முதுமை தட்டி உருக்குலைந்த ஒருவர் அவர் முன் வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டபோது துரைசாமி என்றார். அவருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும். தாய்நாட்டில் எஞ்சியிருந்த தம் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டு செல்வதைப் பற்றிய பேச்சு எழுந்தது. அதைப் பெற்றுக்கொள்வது தம் கடமைக்கு மாறாகும் என்று வெல்ஷ் வாங்கவில்லை. அக்கடிதம் சென்னையிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை.