ஜார்ஜியா நூலகங்களின் துணிச்சல்

ஓப்பன் சோர்ஸ் என்றால் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில நூலகங்களின் கதை வேறு மாதிரி.

அங்குள்ள பொது நூலகங்கள் பல 1999-ல் 'பைன்ஸ்' என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நூற்பட்டியல், ஒரே உறுப்பினர் அட்டை. தன் ஊரில் இல்லாத புத்தகத்தை வேறு ஊரிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் நூலகங்கள் சேரச் சேர, விலைக்கு வாங்கிய மென்பொருள் போதவில்லை. சந்தையில் இருந்த மற்றவையும் திருப்தி தரவில்லை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகம் 'கோஹா' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை 2000 ஜனவரியிலேயே ஓடவிட்டிருந்தது. ஆனால் அது ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டது. இங்கோ ஒரு மாநிலமே காத்திருந்தது.

2004-ல் சொந்தமாக எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். தோற்றிருந்தால் மாநிலம் முழுக்கப் புத்தகம் கொடுக்கல் வாங்கல் நின்றிருக்கும். 2006 செப்டம்பரில் 'எவர்கிரீன்' 250-க்கும் மேற்பட்ட நூலகங்களில் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கியது. மூலநிரலை எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா நூலகங்களும் பிறகு அதை எடுத்துக்கொண்டன.

உரிமக் கட்டணம் மிச்சம்தான். சம்பளம், சர்வர், பயிற்சி எல்லாம் செலவுதான். ஆனால் அந்தப் பணத்தில் வந்த அறிவு நூலகங்களிடமே தங்கியது. லாபக் கணக்கில் முதலில் எழுத வேண்டியது அதைத்தானே?