வியன்னாவின் இரண்டு வார்டுகளும் ஒரு பாரடாக்ஸ் கேள்வியும்

இந்த வாரம் நேரா ஒரு கேள்விக்குள்ள போயிடலாம். ஜிமேட் புத்தகத்துல வர்ற மாதிரியே எழுதியிருக்கேன், ஆனா எண்கள் எல்லாம் நிஜம்.

ஒரே மருத்துவமனை, இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் பிரசவம் பார்ப்பது டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிப் பயிற்சி எடுக்கும் பெண்கள். 1846-ம் ஆண்டு முதல் வார்டில் 4,010 பிரசவங்கள், அதில் 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவதில் 3,754 பிரசவங்கள், இறந்தவர்கள் 105 பேர். அதாவது 11.4 சதவீதம், 2.8 சதவீதம். படிச்ச டாக்டர்கள் இருக்கிற இடத்துலதான் நாலு மடங்கு சாவு. கீழே உள்ளவற்றில் எது, உண்மையாக இருந்தால், இந்த முரண்பாட்டை விளக்க மிகவும் உதவும்?

இடம், வியன்னா பொது மருத்துவமனை. இந்தக் கேள்வியோட மல்லுக்கட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ், ஹங்கேரிக்காரர். 1846 ஜூலையில் முதல் வார்டின் உதவியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 28. கிட்டத்தட்ட நம்ம வயசு.

பாரடாக்ஸ் கேள்விகளுக்குத் தயாராகிறவர்கள் முதலில் பிடிச்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. இரண்டு தகவலும் உண்மை. எதையும் மறுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் உண்மையாக்குற மூணாவது தகவல் ஒண்ணு எங்கேயோ ஒளிஞ்சிருக்கு, அதைத்தான் தேடறோம். 'டாக்டர்கள் இருந்தா சாவு குறையும்'ங்கிறது கேள்வியில எங்கேயும் எழுதியிருக்காது. நாமளா வச்சுக்கிட்ட அனுமானம் அது.

இப்போ ஆப்ஷன்கள். இதுல நான் கற்பனை பண்ண வேண்டிய அவசியமே இல்ல. அன்றைய வியன்னா டாக்டர்கள் எல்லாத்தையும் சொல்லி வச்சிருக்காங்க.

ஆப்ஷன் ஏ: ஊர்க்காற்று கெட்டுப்போச்சு, ஏதோ ஒரு விஷத்தன்மை நகரம் முழுக்கப் பரவியிருக்கு. அந்தக் காலத்தில் மிகவும் மதிக்கப்பட்ட விளக்கம் இது. ஆனா இரண்டு வார்டுகளும் ஒரே வளாகத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை எப்படி விளக்கும்? பரீட்சையில அதிகம் பேர் விழுற குழி இதுதான். சாவு ஏன் நடக்குதுன்னு சொல்ற ஆப்ஷன் கண்ணுக்கு அழகாத் தெரியும். கேள்வி கேட்பது வித்தியாசம் ஏன்னு.

ஆப்ஷன் பி: கூட்ட நெரிசல். செம்மல்வைஸ் பார்த்தார். அதிக நெரிசல் இரண்டாவது வார்டில்தான். முதல் வார்டோட கெட்ட பேர் ஊர் முழுக்கப் பரவி, 'என்னை அங்கே மட்டும் சேர்க்காதீங்க'ன்னு பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சின காலம் அது. ஆக, இந்த ஆப்ஷன் முரண்பாட்டை இன்னும் பெருசாக்குது.

ஆப்ஷன் சி: முதல் வார்டுக்கு வர்றவங்களே பலவீனமானவங்களா இருக்கலாம் இல்லையா? அதுக்கும் வழியில்லை. இரண்டு வார்டுகளும் முறை வைத்து, நாள் மாற்றி நாள் ஆட்களைச் சேர்த்தன. நம்ம பாஷையில சொன்னா லோட் பேலன்சர். இன்னிக்கு வலி வந்தா இந்த சர்வர், நாளைக்கு வந்தா அந்த சர்வர். 1840-களில் யாரும் திட்டமிடாமலே இப்படி ஒரு சுத்தமான பரிசோதனை அமைஞ்சிருக்குங்கறது எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

ஆப்ஷன் டி-தான் எனக்குப் பிடிச்சது. பாதிரியார். இறக்கும் நிலையில் இருக்கிறவங்களுக்குக் கடைசிச் சடங்கு செய்ய வருவார், அவருக்கு முன்னாடி ஒருத்தர் மணி அடிச்சுக்கிட்டே போவார். முதல் வார்டில் நோயாளிகள் அறைக்குப் போகணும்னா மற்ற அறைகள் வழியாத்தான் போகணும். இரண்டாவதில் நேர்வழி இருந்தது. அந்த மணிச்சத்தமே தாய்மார்களைப் பயத்தில் சாகடிக்குதுன்னு ஒரு கருத்து. சிரிக்காதீங்க. மற்ற ஆப்ஷன்கள் மாதிரி இல்லாம இதுல நிஜமாவே வார்டுக்கு வார்டு வித்தியாசம் இருக்கு! பரீட்சையில வந்தா நான் இதைக் கொஞ்ச நேரம் கையில வச்சிருப்பேன். செம்மல்வைஸ் பாதிரியாரை மணியில்லாமல் சுற்றுவழியில் வரச் சொன்னார். சாவு குறையல. முதல் வார்டில் மல்லாந்து படுத்தும், இரண்டாவதில் ஒருக்களித்தும் பிரசவம் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சதும் அதையும் மாற்றிப் பார்த்தார். அப்பவும் குறையல.

இங்கதான் பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் நடுவுல பெரிய இடைவெளி. கேள்வித்தாளில் 'உண்மையாக இருந்தால்'னு ஒரு வரி இருக்கும். எல்லா ஆப்ஷனும் உண்மைன்னு ஏத்துக்கிட்டு எது பொருந்துதுன்னு மட்டும் பார்த்தா போதும். அவருக்கு அந்த வசதி இல்ல. ஒவ்வொரு ஆப்ஷனையும் வார்டிலேயே ஓட்டிப் பார்க்கணும். ஓட்டிப் பார்க்கிற ஒவ்வொரு மாசமும் ஆட்கள் செத்துக்கிட்டே இருக்காங்க.

இன்னொரு துப்பும் அவரை உறுத்திக்கிட்டே இருந்தது. மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிரசவம் ஆகி, அப்புறம் வார்டில் சேர்ந்த பெண்களுக்குக் காய்ச்சல் வருவது அபூர்வம். தெருவை விட வார்டு ஆபத்து! தெருவில் பெற்றவளுக்கு வார்டில் என்ன நடக்கலன்னு கேட்டுப் பாருங்க. பிரசவத்துக்கு முன்னாடி யாரும் அவளைக் கைவிட்டுப் பரிசோதிக்கல.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா இறந்துபோனார். போஸ்ட்மார்ட்டத்தின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டிருக்கு. அவருடைய உடலைப் பரிசோதித்த அறிக்கையைப் படிச்சபோது செம்மல்வைஸுக்கு அதிர்ச்சி. பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் பார்த்த அதே மாற்றங்கள். கத்தி கொண்டுபோனதைக் கையும் கொண்டுபோகும் இல்லையா? முதல் வார்டு மாணவர்கள் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துட்டு நேரா பிரசவ வார்டுக்கு வந்தாங்க. மருத்துவச்சி மாணவிகளுக்குப் பிணவறையில வேலையே கிடையாது. மூணாவது தகவல் கிடைச்சாச்சு.

மே மாதத்திலிருந்து எல்லோரும் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவணும்னு உத்தரவு. கொஞ்ச நாளில் அதைவிட மலிவான ப்ளீச்சிங் பவுடர் கரைசலுக்கு மாறினார். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2.2, ஜூலையில் 1.2.

ஆனா அக்டோபரில் ஒரு அடி. முதல் கட்டிலில் கர்ப்பப்பைப் புற்றுநோயோடு ஒரு பெண். அவரைப் பரிசோதித்துவிட்டு, வெறும் சோப்பில் கை கழுவி, வரிசையாக அடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். அப்போது பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணத்திலிருந்து மட்டுமில்ல, உயிரோட இருக்கிறவரின் அழுகும் புண்ணிலிருந்தும் வரும்னு அவர் தன் விளக்கத்தை விரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரைப் பரிசோதித்த பிறகும் கழுவணும்னு விதி வந்தது. 1848-ல் முதல் வார்டில் 3,556 பிரசவங்கள், 45 மரணங்கள். 1.27 சதவீதம். இரண்டாவது வார்டு 1.33. முரண்பாடே காணாம போச்சு.

அப்புறம் ஏன் ஊரே ஏத்துக்கல? கிருமிக் கோட்பாடு அன்றைக்கு இல்ல, செம்மல்வைஸ் புத்தகம் எழுத 1861 வரை எடுத்துக்கிட்டார், எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள்னு பகிரங்கமாகத் திட்டிக் கடிதம் எழுதினார். 1849-லேயே வியன்னா வேலை போச்சு. 1865-ல் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, சில வாரங்களில், புண் சீழ்பிடித்து இறந்தார். வயது 47. இதெல்லாம் காரணங்கள்தான். ஆனா எனக்கு முக்கியமாப் படுறது கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குஸ்டாவ் மிகாயேலிஸின் கதை. வியன்னா செய்தியை உடனே நம்பியவர்களில் ஒருவர். தன் மருத்துவமனையிலும் கைகழுவ வைத்தார், பலனும் கண்டார். அதற்குச் சற்று முன்னால் அவருடைய உறவுப்பெண் பிரசவக் காய்ச்சலில் இறந்திருந்தார். பிரசவம் பார்த்தவர் அவரேதான். விடை சரின்னா, அவளைக் கொன்றது தன் கை. 1848-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மற்ற டாக்டர்கள் அந்த ஆப்ஷனை டிக் பண்ணக் கை வராம நின்னது எனக்குப் புரியுது. மன்னிக்க முடியுமாங்கறது வேற கேள்வி.

சரி, வீட்டுப்பாடம். 1973-ல் பெர்க்லியில் மேற்படிப்புக்கு 8,442 ஆண்கள் விண்ணப்பித்தார்கள், 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேர், 35 சதவீதம். ஆனா துறை துறையாகப் பிரிச்சுப் பார்த்தா அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணோம். இரண்டு தகவலும் உண்மை. மூணாவது தகவல் என்னன்னு யோசிச்சு வைங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்.