எதிரொலியா, விலகலா? ஒலிப்பதிவில் தூரம் உருவான வழி பற்றி லிந்துலையிலிருந்து ஒரு மறுப்பு

பீட்டர் டாய்லின் 'எக்கோ அண்ட் ரிவெர்ப்' 2005இல் வெளிவந்தது. 1900 முதல் 1960 வரையான வெகுசன இசைத்தட்டுகளில் இடம் எவ்வாறு புனையப்பட்டது என்பதே நூலின் பொருள். ஸ்டீரியோ வந்த பிறகுதான் தட்டில் அகலமும் ஆழமும் தோன்றின என்ற எண்ணத்தை அந்நூல் கலைத்துப் போட்டது. ஒற்றைத் தட ஒலியிலேயே எதிரொலியையும் எதிர்முழக்கத்தையும் கொண்டு பாலை, பள்ளத்தாக்கு, கடற்கரை, இரவு வானம் ஆகியவற்றைக் கேட்பவர் கண்முன் நிறுத்தினார்கள் என்று டாய்ல் காட்டினார். கௌபாய்ப் பாடல்களும் ஹவாய் கித்தார்ப் பாடல்களும் ராக் அண்ட் ரோலும் அவருடைய சான்றுகள். இத்துறையில் எழுதுபவர் எவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நானும் அவரிடம் கற்றவன்.

ஆனால் அவர் வாசிப்பின் நடுவில் இருக்கும் ஒரு சமன்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரொலி கேட்டால் வெளி விரிகிறது, எதிரொலி கூடக்கூட வெளி பெரிதாகிறது என்பது அந்தச் சமன்பாடு. டாய்ல் இதை இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் எடுத்துக்காட்டுகள் வரிசைப்படும் முறை நம்மை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அவர் இந்தியாவையோ இலங்கையையோ பற்றி எழுதவில்லை, எழுதாததைக் குறையாகவும் நான் சொல்லவில்லை. அவருடைய அளவுகோலைத் தமிழ் ஒலியுலகின் மீது அப்படியே வைத்தால் என்ன தவறிப்போகும் என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. 1954இல் மெம்பிஸின் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் குரலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த அந்த ஒற்றை எதிரொலி, நாடாப் பதிவுக் கருவியால் உண்டாக்கப்பட்டது. பதியும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாடா கடக்கும் நேரமே எதிரொலியின் தாமதம். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் இரண்டு தலைகளுக்கும் இடையே 2 அங்குலம் இருந்தால், தாமதம் ஒரு விநாடியில் ஏழரையில் ஒரு பங்கு, ஏறத்தாழ 133 மில்லி விநாடி. விநாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி இந்த நேரத்தில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் சுவர் 23 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். 23 மீட்டர் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக்கூடக் காணாது. வேகத்தைப் பாதியாக்கினால் 45 மீட்டர், அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்தின் லிந்துலையில் நின்று பாருங்கள். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையோரத்தில் நின்று எதிர்மலையைப் பார்த்து உரக்கக் கூவினால், சரிவு 340 மீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் குரல் திரும்பி வர முழுதாக இரண்டு விநாடி ஆகும். இரண்டு விநாடித் தாமதத்தை ஒரு பாடலில் போட முடியாது. அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருக்கும்போது முந்தைய அடி வந்து மோதும். ஆகவே இசைத்தட்டில் நாம் கேட்கும் எதிரொலி எந்தப் பள்ளத்தாக்கையும் பார்த்து வரையப்பட்ட படமன்று. 1947இல் ஹார்மோனிகேட்ஸ் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' தட்டுக்காக ஒலிப்பதிவாளர் பில் புட்னம் முழக்கம் சேர்த்தபோது அவர் பயன்படுத்தியது ஸ்டூடியோவின் குளியலறையை. அந்த முழக்கத்தை வெளி என்று கேட்கப் பழகியது ஒரு மரபு, கேட்பவரும் செய்பவரும் ஒப்புக்கொண்ட குறி. டாய்லின் நூல் இந்த மரபின் வரலாறு என்ற அளவில் மிகச் சரியானது. தூரம் காதில் விழும் விதத்தின் வரலாறாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் வழி பிசகுகிறது.

திறந்தவெளி ஒலியை என்ன செய்கிறது? எதிர்முழக்கம் என்பது மூடிய அறையின் குணம். வெட்டவெளியில் ஒலி போகும், திரும்பாது. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும், காற்று கீச்சொலிகளை முதலில் விழுங்கும். மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் தப்படித்துப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் திரட்டிய வழக்கத்தை இங்கே நினைக்க வேண்டும். தப்பில் இரண்டு குச்சிகள். அடிக்குச்சி கனத்த ஒலியைத் தரும், மெல்லிய சுண்டுகுச்சி சுரீரென்ற ஒலியைத் தரும். பெரட்டுக்களத்தில் நிற்பவருக்கு இரண்டும் கேட்கும். மேட்டு லயத்தில் படுத்திருப்பவருக்குச் சுண்டுகுச்சி தேய்ந்துபோய் அடிக்குச்சி மட்டும் எஞ்சும். இவ்வளவு தூரத்தில் தப்பு ஒலிக்கிறது, இன்னும் இவ்வளவு நேரம் இருக்கிறது என்று அரைத்தூக்கத்தில் அவர் கணக்கிட்டது, இல்லாமல் போன ஒலியைக் கொண்டுதான்.

பனிமூட்டம் ஒலியை அமுக்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இயற்பியல் இதற்கு நேர்மாறானது. ஈரக்காற்று உலர்காற்றைவிடக் கீச்சொலிகளைக் குறைவாகவே உறிஞ்சும். விடியலில் பள்ளத்தில் குளிர்காற்றும் மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் நிற்பதால் ஒலி மேலே பறந்துபோகாமல் வளைந்து இறங்கி வெகுதூரம் செல்லும். வெயிலேறியதும் இது தலைகீழாகும். விடியற்காலைத் தப்பு அத்தனை மலைகளையும் எட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' முரசொலியும் விடியலுமாகத் தொடங்குவதைப் பலர் அடிமைத்தனத்தின் குறியீடாக மட்டும் படித்திருக்கிறார்கள். அது சரிதான். அதோடு, அடிப்பவர் கண்ணில் படாமல் ஒலி மட்டும் வந்து சேரும் ஒரு நிலப்பரப்பை அந்தத் தொடக்கம் நமக்குத் தருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேட்கும் முறைக்குத் தமிழில் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது, நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதன் காலம் பற்றி ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. அந்த வழக்கில் நான் நுழையவில்லை, என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. பரிசில் பெற்று வந்த கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தருக்கு வழி சொல்கிறான். நடுவில் மலையில் அவர்கள் கேட்கப்போகும் ஒலிகளை வரிசையாக அடுக்குகிறான். அருவி, பிளிறும் யானை, தேனெடுத்தவர்களின் ஆரவாரம், புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, தினைப்புனத்தில் கிளியோட்டுவோர் குரல், குறவரின் பறை, குத்துவோரின் வள்ளைப்பாட்டு, ஆலையில் கரும்பு நசுங்கும் ஒலி. இவையெல்லாம் கலந்து எழுவதை, மலையாகிய யானையிடத்தில் பிறக்கும் மதம் என்று உருவகிப்பதே நூற்பெயரின் பொருள்.

இந்தப் பட்டியலில் நான் நெடுநாள் நின்றிருக்கிறேன். எதிரொலிக்கு மலையைவிடப் பொருத்தமான இடம் உண்டா? தமிழில் 'சிலம்பு' என்ற ஒரே சொல் மலையையும் குறிக்கும், ஒலியையும் குறிக்கும். 'சிலம்புதல்' என்றால் ஒலித்தல், எதிரொலித்தல். இப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்திருந்த மரபில் வந்த புலவர், மலையின் பரப்பைக் காதுக்குக் காட்ட வேண்டிய இடத்தில், ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவதை மட்டும் நம்பியிருக்கவில்லை. வெவ்வேறு ஒலிகளை வெவ்வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறார். மூலம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கேட்பவர் நடந்துகொண்டே இருக்கிறார். ஒலியின் பன்மை, மூலத்தின் மறைவு, கேட்பவரின் நடை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அங்கே தூரத்தை உண்டாக்குகின்றன. ஓர் ஒலிப்பதிவாளரிடம் இந்தப் பகுதியைக் கொடுத்தால் எதிரொலிப் பெட்டியை முதலில் தொட மாட்டார். அருவியை ஒரு தடத்தில் தாழ்த்தி வைப்பார், பறையின் கீச்சை வெட்டுவார், வள்ளைப்பாட்டை மெல்ல உயர்த்துவார்.

மலைபடுகடாத்திலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நேர்க்கோடு ஒன்றை நான் இழுக்கவில்லை. அப்படி ஒரு கோடு இல்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒலிப்பதிவாளர்கள் தூரத்தைத் தீவிரமாகத் தேடியபோது கைக்கொண்ட வழி எதுவென்று பார்த்தால், அதே நடை மீண்டும் கண்ணில் படுகிறது.

1949இல் பாம்பே டாக்கீஸ் எடுத்த 'மஹல்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய 'ஆயேகா ஆனேவாலா'. கமால் அம்ரோஹி இயக்கம், கேம்சந்த் பிரகாஷ் இசை. மதுபாலாவின் பாத்திரம் யாரும் காணாத இடத்திலிருந்து பாடி, பின்பு அருகே வருவதுபோலப் பாடல் அமைய வேண்டும். லதா பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, மைக் கூடத்தின் நடுவே வைக்கப்பட்டது. அவர் ஒரு மூலையில் நின்று முகப்பு அடிகளைத் தொடங்கி, பாடிக்கொண்டே நடந்து மைக்கை அடைந்து பல்லவியைப் பிடித்தார். முதலில் வந்த தட்டில் பாடகியின் பெயர் இல்லை. பாத்திரத்தின் பெயரான காமினி என்றே போட்டிருந்தார்கள். வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகே லதாவின் பெயர் சொல்லப்பட்டது. மூலம் மறைந்த குரல் என்பது கதைக்குள்ளும் இருந்தது, தட்டின் மேலும் இருந்தது.

டாய்ல் தரப்பிலிருந்து இதற்கு ஒரு வலுவான மறுப்பு எழும், அதை நானே சொல்லிவிடுகிறேன். மூடிய கூடத்தில் மைக்கை விட்டு விலகினால் நேரடிக் குரல்தான் குறையும், அறையின் முழக்கம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அப்படியானால் தொலைவில் நின்ற லதாவின் குரலோடு நமக்குக் கேட்பது கூடத்தின் எதிர்முழக்கம்தானே? உண்மை. முழக்கம் அங்கே வேலை செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் பாடலின் பொருள் முழக்கத்தின் அளவில் இல்லை, அது மாறிக்கொண்டே போவதில் இருக்கிறது. எதிரொலி அறைக்குள் ஒரு குரலை அனுப்பி அப்படியே வைத்தால் அது தூரத்தில் நிற்கும் குரல். மூலையிலிருந்து மைக்கை நோக்கி வரும் குரல் தூரத்தைக் கடக்கும் குரல். கேட்பவர் தூரத்தை அளப்பது அது குறையும்போதுதான். மலைபடுகடாத்தில் கூத்தர் நடந்தார்கள், இங்கே குரல் நடந்தது.

இன்னொரு தடையும் உண்டு. இந்தச் சான்று பாடகியின் நினைவுகூரல், அன்றைய பதிவேடு அல்ல. எத்தனை அடி நடந்தார், எந்தச் சொல்லில் மைக்கை அடைந்தார் என்று இதைக் கொண்டு கறாராகப் பேச முடியாது. ஆனால் பாடலைக் கேட்டால் முகப்பு தொலைவிலும் பல்லவி அருகிலும் இருப்பதில் ஐயமில்லை. நினைவும் தட்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. சான்று இவ்வளவு மெலிதாக இருக்கும் இடத்தில் இதைவிட உறுதியாகப் பேசினால் அது மிகையாகும். ஆனாலும் இதைவிட எளிய விளக்கம் எனக்குப் படவில்லை.

இதன் பிறகு நடந்தது டாய்லின் அமெரிக்கக் கதையிலிருந்து முற்றாக விலகுகிறது. 'மஹல்' மறுபிறவி என்ற எண்ணத்தைச் சுற்றி நடக்கும் படம். 1958இல் பிமல் ராய் எடுத்த 'மதுமதி'யும் மறுபிறவிக் கதை, அதன் களம் மலை, தொலைவிலிருந்து அழைக்கும் பாடலுக்கு சலில் சௌத்ரி இசை. 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'யும் மறுபிறவிக் கதை, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் அதன் தலைப்புப் பாடல். கௌபாய்ப் பாடலில் எட்டிப்போன குரல் அடுத்த மேட்டுக்கு அப்பால் இருக்கிறது. இந்த வரிசையில் அது போன பிறவியில் இருக்கிறது. வெளியின் தூரத்தைக் காலத்தின் தூரமாக மாற்றியதுதான் நம் படங்கள் செய்த தனிக் காரியம். கருவிவழி எதிரொலி தமிழ்ப் படங்களில் பரவியபோதும் அது வெட்டவெளிக்கு மட்டும் போகவில்லை. கண்ணாடி முன் நின்று மனசாட்சி பேசும் காட்சிக்கும், நினைவில் திரும்பும் வசனத்துக்கும் போயிற்று. எதிரொலி என்றால் பரந்த நிலம் என்ற வாய்பாடு இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். நம் ரசிகர்களுக்கு எதிரொலி மனசுக்குள் கேட்பது.

வானொலியைச் சுருக்கமாகவே தொடுகிறேன். 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் பெற்று, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான அந்த நிலையத்தில், சானா என்ற சண்முகநாதன் காலம் முதல் தமிழ் நாடகங்கள் வளர்ந்தன. வானொலி நாடகத்தில் ஒருவர் தூரத்தில் இருப்பதாகக் காட்ட அவரை மைக்கை விட்டு ஓரடி பின்னால் நிறுத்துவார்கள், அல்லது முகத்தைத் திருப்பிப் பேசச் சொல்வார்கள். இதுவும் விலகல்தான். சிற்றலையில் கேட்டவர்களுக்கு வேறொரு தூரமும் கிடைத்தது. அயனமண்டலம் அசைய அசைய ஒலி பெருகித் தேய்ந்து மீண்டும் பெருகும். எந்த ஒலிப்பதிவாளரும் அதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் காதில் தூரம் என்பதன் ஓசையாக அது தங்கிவிட்டது.

1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது எஸ். ஜானகியின் ஹம்மிங் சொல்லுக்கு முன்னால் வந்தது. இளையராஜா அந்தத் தொடக்கத்தில் முழக்கத்தைப் பயன்படுத்தவில்லை என்று வாதிட நான் வரவில்லை. சொல் இல்லாத குரல் முதலில், சொல் பிறகு என்ற வரிசையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தொலைவில் பாடுபவரின் சொல் நமக்குப் புரியாது, ராகம்தான் முதலில் எட்டும். அருகே வரும்போதுதான் சொல் பிடிபடும். மெய்யெழுத்துகள் கீச்சொலியில் வாழ்கின்றன, காற்று முதலில் விழுங்குவது அவற்றையே. 'மஹல்' ஒரு நடையால் செய்ததை இந்தப் பாடல் பாட்டின் அமைப்பாலேயே செய்துவிடுகிறது.

திருவிழா நாட்களில் இன்றும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மாரியம்மன் கோயிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அடித்தள ஒலியைத் தானே விட்டுவிடுகிறது. பள்ளத்தைக் கடக்கும் காற்று கீச்சொலியை எடுத்துக்கொள்கிறது. பணிய, அதாவது கீழ், லயத்து வாசலில் நிற்பவருக்கு நடுப்பகுதி மட்டும் வந்து சேர்கிறது. பாட்டு எதுவென்று தெரியும், வரி தெரியாது. மேட்டுப் பாதையில் கோயிலை நோக்கி ஏற ஏற, ஒரு வளைவில் முதல் வல்லெழுத்து காதில் விழும். அந்த வளைவு எது என்பது பனியுள்ள காலைக்கும் வெயிலேறிய பகலுக்கும் மாறுகிறது. அதை ஒவ்வொரு மாதமும் குறித்து வருகிறேன்.