வாடைக்கொண்டல்: எங்கிருந்து வீசுகிறது இந்தக் காற்று?

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பகுதியில் வாழும் நமக்குக் கடல் சற்று எட்டத்தில்தான் இருக்கிறது. ஆயினும் மார்கழி விடியலில் வீசும் குளிர்காற்றை 'வாடை' என்றே நாமும் சொல்கிறோம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்குச் செல்லும் கிள்ளைக் கடற்கரையில், மீனவர்களுக்கோ காற்றின் பெயர் அன்றாடத் தொழிலோடும் உயிரோடும் கலந்தது.

காற்றின் பெயர் அது போகும் திசையைக் குறிப்பதில்லை. புறப்பட்டு வரும் திசையையே குறிக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். கடலோடிகள் அதைச் சோழகம் என்பர். மேற்கிலிருந்து வருவது கோடை. கடலோர வழக்கில் கச்சான். வாடையும் கொண்டலும் சேர்ந்த வடகிழக்குக் காற்றே வாடைக்கொண்டல்.

இந்தக் காற்றைத் திருவிவிலியத்திலும் சந்திக்கிறோம். புனித பவுல் கைதியாக உரோமைக்குக் கப்பலில் சென்றதைத் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம் விவரிக்கிறது. கடற்பயணத்துக்கு ஏற்ற காலம் முடிந்துவிட்டது என்று பவுல் எச்சரித்தார். ஆனால் தென்றல் இதமாக வீசியதும் மாலுமிகள் துணிந்து நங்கூரம் தூக்கினர். சிறிது நேரத்தில் கிரேத்துத் தீவிலிருந்து பெருங்காற்று இறங்கியது. கிரேக்க மூலத்தில் அதன் பெயர் 'யூராக்கிலோன்'. கிழக்குக் காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் வடக்குக் காற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இணைந்த பெயர் அது. நம் வாடைக்கொண்டலும் அப்படியே அமைந்த சொல் அல்லவா! பதினான்கு நாள் அலைக்கழிந்த கப்பல் மால்தா கரையில் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர்.

திசை ஒன்றானாலும் பொருள் இடத்துக்கு இடம் மாறும். நமக்குத் தெற்குக் காற்று இதம் தரும் தென்றல். இயேசு வாழ்ந்த நாட்டில் அது வெப்பத்தின் அறிகுறி (லூக்கா 12:55). புயலிலும் காற்றின் திசை மாறும். கிழக்கிலிருந்து புயல் நம் கரையை நெருங்கும்போது பெரும்பாலும் வடக்குக் காற்று முந்தும். கடந்து சென்றபின் தெற்குக் காற்று திருப்பி அடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலில் நம் மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை.

காற்று இதமாக இருக்கிறதா என்பதை மட்டும் அந்த மாலுமிகள் பார்த்தனர். காலத்தையும் எச்சரிக்கையையும் பவுல் பார்த்தார். நம் வாழ்வில் முடிவெடுக்கும் வேளைகளில், வீசும் காற்று எங்கிருந்து வருகிறது என்று நாமும் கேட்போம். வாடைக்கொண்டல் வீசும் நாள்களில் கடலுக்குச் சென்ற சகோதரர்களை நம் செபத்தில் நினைவுகூர்வோம்.