ஓர்ம் சுவடித் தொகுப்பு

போர் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் (1728–1801) தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய கடிதங்கள், போர்க்கள நாட்குறிப்புகள், ஆலோசனைச் சபை நடவடிக்கைகளின் படிகள், நிலப்படங்கள், கோட்டைகளின் வரைபடங்கள் அடங்கிய தொகுதி. கையெழுத்துச் சுவடிகள் மட்டும் 231 தொகுதிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழகத்தில் நடந்த கர்நாடகப் போர்களுக்கு முதல்நிலைச் சான்றுகளுள் ஒன்று.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இத்தொகுப்பு அயலானதன்று. காஞ்சியிலிருந்து மேற்கே ஆற்காட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து உள்ளது திருப்புட்குழி. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் போற்றும் திவ்யதேசம். இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர். தறியும் கோயிலுமாக வாழ்ந்த இப்பகுதி, 1751 முதல் பத்தாண்டுகள் சென்னைக்கும் ஆற்காட்டுக்கும் இடையே படைகள் மாறிமாறிக் கடந்த நிலமாயிற்று. அந்தப் பத்தாண்டுகளை ஏறக்குறைய நாள்வாரியாகச் சொல்ல முடிவதற்கு ஓர்மின் தாள்களே பெரும் காரணம்.

ஓர்ம் திருவிதாங்கூர்க் கரையில் உள்ள அஞ்சுதெங்கில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் ஓர்ம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் படித்துவிட்டு 1742இல் கல்கத்தா வந்து கம்பெனிப் பணியில் சேர்ந்தார். வங்காளத்தில் கழிந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

தொகுப்பின் உயிர்நாடி 1753 முதல் 1758 வரையிலான காலமே. 1753இல் இங்கிலாந்து சென்ற ஓர்முக்குக் கப்பலில் உடன் பயணம் செய்தவர் ராபர்ட் கிளைவ். கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைக் காத்து நின்ற முற்றுகை முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். ஓர்ம் பின்னர் எழுதிய போர் வரலாற்று நூலுக்கான எண்ணம் அந்தக் கடற்பயணத்தில்தான் உருவாயிற்று என்று சிலர் கருதுவர். அதற்கு முன்பே குறிப்புகள் சேர்க்கத் தொடங்கிவிட்டார் என்பாரும் உளர். 1754இல் சென்னை ஆலோசனைச் சபை உறுப்பினராகத் திரும்பி வந்தபின் அவருடைய சேகரிப்பு வேகம் பிடித்தது. போரில் நேரடியாக நின்ற அதிகாரிகளிடம் கேள்விகளை எழுதி அனுப்பி விடை பெறுவது அவர் வழக்கம். ஸ்டிரிஞ்சர் லாரன்சின் போர் விவரணம், திருச்சிராப்பள்ளியைக் காத்த கேப்டன் டால்டனின் நாட்குறிப்பு போன்றவை அவருக்கு ஆதாரமாயின. ஒரே சம்பவத்தைப் பலர் வாய்மொழியில் கேட்டு, நிலப்படத்தோடு ஒத்துப்பார்த்து எழுதுவதில் அவர் காட்டிய பொறுமை அக்காலத்தில் அரிது.

இந்தப் பொறுமையின் பலனை அவர் நூலில் காஞ்சி பற்றிய பகுதிகளில் காணலாம். 1751 ஆகஸ்டு 26 அன்று 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படை கிளைவின் தலைமையில் சென்னையிலிருந்து புறப்பட்டுக் காஞ்சி வழியாக ஆற்காட்டை அடைந்தது. இடியும் மின்னலும் மழையுமாக இருந்தபோது அப்படை கலங்காமல் நடந்து வருவதை ஒற்றர்கள் கண்டு போய்ச் சொல்ல, ஆற்காட்டுக் கோட்டைக் காவலர்கள் அதைத் தீய சகுனமாகக் கொண்டு கோட்டையை விட்டு வெளியேறினார்கள் என்று ஓர்ம் எழுதுகிறார். அதே ஆண்டின் இறுதியில் கிளைவ் காஞ்சிக்குத் திரும்பி வந்தபோது, பிரெஞ்சுத் தரப்புக் காவற்படையொன்று கோயிலையே கோட்டையாக்கி உள்ளே இருந்தது. அதனிடம் சிறைப்பட்டிருந்த ரெவல், கிளாஸ் என்னும் இரு ஆங்கில அதிகாரிகளை மதிலின் மேல் நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். தோட்டச் சுவர் ஒன்றின் மேலாகக் கோயிலை நோட்டமிட்டுக்கொண்டிருந்த லெப்டினன்ட் பல்க்லி, கிளைவின் பக்கத்திலேயே தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். சென்னையிலிருந்து வந்த பீரங்கிகள் மதிலைத் தகர்க்கத் தொடங்கியபின் காவற்படை இரவில் வெளியேறியது. ஓர்ம் இதைப் பெரிய கோயில் என்ற அளவில் குறிப்பிடுகிறார். ஏகாம்பரநாதர் கோயில் என்று கொள்வோர் பலர். வரதராசர் கோயில் என்போரும் உண்டு. 1757இல் பிரெஞ்சுப் படை கோயிலைப் பிடிக்க முடியாமல் ஊருக்குத் தீ வைத்துச் சென்றதும் அவர் நூலில் உண்டு. பீரங்கி எங்கே நின்றது என்பதற்குக் கிடைத்த இடம் அந்தத் தீக்குக் கிடைக்கவில்லை.

தென்தமிழகத்துக்கு இத்தொகுப்பு தரும் செய்திகளுள் மிகவும் நெருக்கமானது 1755ஆம் ஆண்டு நிகழ்வு. கர்னல் ஹெரான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு வரி தண்டச் சென்றபோது, மதுரைக்கு அருகே ஒரு கோயிலைத் தாக்கி அங்கிருந்த திருமேனிகளை எடுத்துச் சென்றார். மீட்க வேண்டுமானால் 5,000 ரூபாய் தரவேண்டும் என்று கேட்டும் யாரும் கொடுக்கவில்லை. மே மாதக் கடைசியில் படை நத்தம் கணவாய் வழியே திரும்பியது. இருபுறமும் அடர்ந்த காடு. வெடிமருந்து வண்டி ஒன்று சேற்றில் இறங்கி, மாடுகளால் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. முன்னே போனவர்கள் போய்க்கொண்டே இருக்க, பின்னால் இருந்தவர்கள் தனித்து விடப்பட்டார்கள். அந்த இடைவெளியில் கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடு பாய்ந்தார்கள். அவர்கள் எழுப்பிய கூச்சலில் ஒரே ஒரு சொல்லை ஓர்ம் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிப் பொருளும் தருகிறார்: சாமி. திருமேனிகளை மீட்டுக்கொண்டு அவர்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த ஆங்கிலத் தொகுப்பில், நம் மக்கள் வாயிலிருந்து வந்த சொல் கேட்கும் அரிய இடங்களுள் இது ஒன்று. ஹெரான் பின்னர் சென்னையில் விசாரிக்கப்பட்டுப் பதவி இழந்தார். ஓர்ம் அப்போது சபையில் இருந்தார். அக்கோயில் கோவில்குடியா, திருமோகூரா என்பதில் கருத்து ஒருமை இல்லை. திருமோகூர்க் காளமேகப் பெருமாள் கோயிலில் கள்ளர்க்கு உரிய மரியாதையை இம்மீட்போடு இணைத்துச் சொல்லும் வழக்கு மேலூர்ப் பகுதியில் உள்ளது.

கம்மந்தான் கான்சாகிப் என்று தமிழ்நாடு அறிந்த சிப்பாய்ப் படைத்தலைவர் யூசுப்கானின் வரலாற்றுக்கும் இச்சுவடிகள் இன்றியமையாதவை. அவருடைய இளமைப் பெயர் மருதநாயகம் என்பது பரவலான வழக்கு. அதை உறுதி செய்வதில் ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். 1764இல் அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டது ஓர்மின் நூலெல்லைக்கு வெளியே நிற்கிறது. பாளையக்காரர் பூலித்தேவர் நூலில் வருகிறார். அவருடைய நெற்கட்டும்செவலும் வருகிறது, ஆங்கில நாவில் உருமாறி. உத்திரமேரூர் ‘அவுட்ரமலூர்’ ஆகவும், பாலாறு ‘பாலியார்’ ஆகவும் நிற்பதால், தமிழ் வாசகர் ஒவ்வொரு ஊரையும் நின்று நிதானித்து அடையாளம் காண வேண்டியிருக்கிறது. அதற்காகச் செலவிடும் நேரம் வீண்போவதில்லை.

ஆற்காட்டு முற்றுகையில் சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்ற புகழ்பெற்ற கதைக்கு ஓர்மையே மூலமாகக் காட்டுவோர் உளர். அது ஜான் மால்கமின் எழுத்து வழியாகப் பரவியது என்பதும், முற்றுகைக் காலக் குறிப்புகளில் இல்லை என்பதும் மறுதரப்பு. இரண்டாவது கருத்தே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

இத்தொகுப்பை ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்போடு (1736–1761) சேர்த்துப் படிப்பது நல்லது. பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுத் தரப்பின் துபாஷி. ஓர்ம் சென்னையில் ஆங்கிலத் தரப்பின் சபை உறுப்பினர். விலைவாசி, கல்யாணம், சகுனம், சந்தை வதந்தி எல்லாம் பிள்ளையிடம் கிடைக்கும். படை நகர்ந்த வழி, முகாமிட்ட இடம், பீரங்கியின் எண்ணிக்கை ஓர்மிடம் கிடைக்கும்.

1758இல் ஓர்ம் சென்னையை விட்டுப் புறப்பட்டார். உடல்நலக் குறைவு என்பது ஒரு காரணம். அவர் மீது எழுந்த குற்றச்சாட்டுகளே உண்மைக் காரணம் என்று சிலர் எழுதியுள்ளனர். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு போனார்கள். 1760இல்தான் அவர் லண்டன் சேர்ந்தார். அவர் நூலின் முதல் தொகுதி 1763இலும் இரண்டாவது 1778இலும் வெளிவந்தன. 1769இல் கம்பெனியின் வரலாற்றாசிரியராக நியமிக்கப்பட்டார். நூல் 1761இல் நின்றுவிடுகிறது. எனவே காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலி, திப்பு படைகளிடம் கர்னல் பெய்லி தோற்ற போர் அதில் இல்லை. மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையில், ஒரு தொகுதியில் சராசரியாக 48 மணி நேர நிகழ்வுகளுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் ஓர்ம் எழுதுகிறார் என்று சலித்துக்கொண்டார். அதே நுணுக்கத்தால்தான் நத்தத்தில் சேற்றில் சிக்கிய வண்டி இன்றும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஓர்ம் 1801 சனவரி 13 அன்று ஈலிங்கில் இறந்தார். அவர் விருப்பப்படி தாள்கள் கம்பெனியைச் சேர்ந்தன. அதே ஆண்டு சார்லஸ் வில்கின்சைப் பொறுப்பாளராகக் கொண்டு தொடங்கிய கம்பெனி நூலகத்துக்கு வந்த முதற்கொடைகளுள் இதுவும் ஒன்று. சென்னையில் 1861இல் நூல் மறுபதிப்பாயிற்று. அந்த நூற்றாண்டில் சுவடிகளைத் தேடிப் பார்த்தவர்கள் சிலரே.

சாமுவேல் சார்லஸ் ஹில் 1916இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் கையேடாகப் பயன்படுகிறது. யூசுப்கான் பற்றி 1914இல் அவர் எழுதிய நூல் இச்சுவடிகளிலிருந்து பிறந்தது. சுவடிகள் ‘பல்வகை’, ‘இந்தியா’ என்னும் இரு வரிசைகளில் எண்ணிடப்பட்டுள்ளன. இந்தியா அலுவலக நூலகம் 1982இல் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்புக்கு மாறியது. இதே காலத்துக் கம்பெனிப் போர்த்துறை நடவடிக்கைப் பதிவுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.