தால்ச்சேர் சேறும் கொசஸ்தலை ஆறும்

வடசென்னையின் எர்ணாவூருக்கு வடக்கே, காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் ஒடிசா நிலக்கரியின் வயது 25 கோடி ஆண்டுக்கும் மேல். பிறந்த இடம் அம்மாநிலத்தின் தால்ச்சேர். அன்று இந்தியா, அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் சேர்ந்து கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தது. குளோசாப்டெரிஸ் மரங்கள் சரிந்து புதைந்தபோது, ஆற்று வெள்ளம் அடித்துவந்த சேறும் அவற்றோடு கலந்துவிட்டது. அந்தச் சேற்றை நினைவில் வையுங்கள்.

பூமிக்குள் கிடக்கும்வரை நிலக்கரி நாட்டின் சொத்துக் கணக்கு. 2023 ஏப்ரல் நிலவரப்படி இந்தியாவின் நிலக்கரி வளம் சுமார் 37,800 கோடி டன். இதில் ஒரு பகுதியைத்தான் கட்டுபடியாகும் செலவில் வெட்டியெடுக்க முடியும். ஆனாலும் அமெரிக்கா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, சீனாவுக்கு அடுத்த வரிசையில் நாம் நிற்கிறோம். 2022இல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் நிலக்கரி விலை எகிறியபோது, சொந்த மண்ணில் இருந்த கரியின் அருமை புரிந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு. ஆனால் வடசென்னை உலைகளுக்கு வேண்டிய கருநிலக்கரிச் சுரங்கம் தமிழ்நாட்டில் கிடையாது. ஆகவே அது கடல் வழியே வருகிறது.

மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் சுரங்கத்தில் வெட்டிய கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் சேர்கிறது; அங்கிருந்து கப்பலில் தெற்கே வருகிறது. முன்பு சென்னைத் துறைமுகத்திலும் நிலக்கரி இறங்கியது. ராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அது நின்றது. சுமை எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம், கட்டப்பட்டதே முதன்மையாக நிலக்கரிக்காகத்தான். கன்வேயர் பட்டையில் ஏறி வடசென்னை அனல்மின் நிலையம் போகும் கரியை மாவாக அரைத்து உலையில் ஊதுகிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்திருந்த வெயில் சில நொடிகளில் மின்சாரமாகிறது.

மரம் எரிந்துவிடும். சேறு எரியாது. ஒரு டன் எரித்தால் முந்நூறு, நானூறு கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போகிறது. மீதியைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் பலமுறை உடைந்தன. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் விரல்களில் இன்று தட்டுப்படுவது தால்ச்சேரின் பழைய ஆற்று வண்டல்.

450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதே வளாகத்தில் 660 மெகாவாட் புதிய அலகுக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மூச்சைப் பற்றியும் மீனைப் பற்றியும் மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் புதிய உலை மூட்டக் கூடாது.

நிலத்தடிக் கரியைச் செல்வமென்று எண்ணும் நாடு, அதன் சாம்பலையும் அதே ஏட்டில் கடனாக எழுத வேண்டும். சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அறிவிக்கை சொல்கிறது. ஆற்றில் ஏற்கெனவே படிந்ததை அள்ளி எடுப்பதே அந்தக் கடனின் முதல் தவணை.