பழுப்பு நிலக்கரியும் பரவனாறும்: குறிஞ்சிப்பாடி வட்டாரத்தின் மின்சார வரலாறு

தமிழகத்தின் மின்சார வரலாற்றைப் பைக்காராவிலும் மேட்டூரிலும் தொடங்கி எழுதுவதே வழக்கமாக இருந்துவருகிறது. ஆனால் அணை நீரை நம்பி விளக்கேற்றிய ஒரு மாகாணம் எந்தக் காரணங்களால் மண்ணைத் தோண்டி எரிபொருள் எடுக்கும் வழிக்குத் திரும்பியது என்பதையும், அந்தத் திருப்பத்தின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதையும் அறிய விரும்புவோர் கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி வட்டாரத்திற்குத்தான் வர வேண்டும். கிழக்கே பெருமாள் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் தாழ்நிலமும், மேற்கே முந்திரி படர்ந்த செம்மண் மேடும், நடுவே கைத்தறியால் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடியும், வள்ளலாரின் சத்திய ஞான சபை அமைந்த வடலூருமாக விளங்கிய இவ்வட்டாரம், நெய்வேலியில் சுரங்கம் திறக்கப்பட்ட பின் தென்னிந்தியாவின் மின்விளக்குகளுக்குத் தன் நிலத்தடியை ஈடாகக் கொடுத்த வட்டாரமாக மாறியது.

அன்றைய சென்னை மாகாணத்தில் நிலக்கரி வளம் மிகக் குறைவாக இருந்ததால், இரயிலுக்கும் ஆலைக்கும் வேண்டிய கரி பெரும்பாலும் வங்காளம், பீகார் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து நெடுந்தொலைவு வர வேண்டியிருந்தது. இந்தக் குறையே மலையருவிகளின் மீது பொறியாளர்களின் பார்வையைத் திருப்பியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை 1937 முதல் மின்சாரமும் தந்தது. 1944-இல் பாபநாசம் சேர்ந்துகொண்டது. புகையும் சாம்பலும் இல்லாத இந்த மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளையும், ஆயிரக்கணக்கான கிணறுகளின் பம்புசெட்டுகளையும் இயக்கியது. எனினும் மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்வெட்டு வந்து ஆலைகள் முடங்கின. மேட்டூரைப் பொறுத்தவரை இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அந்த நீரின் முதல் உரிமை பாசனத்துக்குரியது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் இறங்கிக் கீழணையைத் தொட்டு வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை அடையும் அதே நீரைத்தான் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளின் உழவர்கள் எதிர்பார்த்திருந்தனர். ஆகவே, மின்தேவை கருதி மட்டும் மதகைத் திறக்கவோ மூடவோ இயலவில்லை. மழையையும் பாசன நாட்காட்டியையும் சாராத ஓர் எரிபொருள் தேவை என்ற எண்ணம் இந்த அனுபவத்தின் மீதே வலுப்பெற்றது.

அந்த எரிபொருள் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தின் மேட்டு நிலத்தடியில் கிடப்பது 1930-களில் வெளித்தெரிந்தது. நெய்வேலிப் பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார், தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட கரிய பொருளை அரசின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். அது பழுப்பு நிலக்கரி, அதாவது முழுமையான நிலக்கரியாக முதிர்வதற்கு முந்தைய நிலையில் உள்ளதும், எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாக இருப்பதுமான இளங்கரி. 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்தது. 1951-க்குப் பின் சுரங்கப் பொறியாளர் எச்.கே. கோஷின் பொறுப்பில் ஆய்வு விரிவடைந்து, 1953-இல் சோதனைச் சுரங்கமும் தோண்டப்பட்டது. முதலமைச்சர் காமராசரின் அரசு இத்திட்டத்தை விடாப்பிடியாக முன்னெடுக்க, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசின் நிறுவனமாகப் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

தொடங்கிவைத்தது எளிது, கரியை எட்டியது எளிதாக இருக்கவில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகையின் மேல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான கனத்தில் மண்ணும் பாறையும் மூடிக் கிடந்தன. புவியியல் நூல்களில் இம்மாவட்டத்தின் பெயராலேயே ‘கடலூர் மணற்கல்’ என்று வழங்கும் அந்தப் பாறை மிகுந்த அராவுந்தன்மை கொண்டது. அதை அகற்றப் பயன்பட்ட, தொழிலாளர் ‘பக்கெட் வீல்’ என்று அழைக்கும் இயந்திரம், பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகளைப் பொருத்தி, அது சுழலச் சுழல மண்ணைச் சுரண்டி எடுப்பது. ஜெர்மனியின் மென்மையான மண்ணுக்கென வடிவமைக்கப்பட்ட அதன் பற்கள் நெய்வேலி மணற்கல்லில் விரைந்து தேய்ந்தன. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்தியும், பற்களின் உலோகத்தையும் அமைப்பையும் மாற்றியும் இங்குள்ள பொறியாளர்களும் தொழிலாளர்களும் அந்த இயந்திரத்தை இந்த மண்ணுக்குப் பழக்கினர். இந்தியத் தொழில் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இரண்டாவது இடர் நீர். கரிப்படுகைக்குக் கீழே, மேலும் கீழும் நீர் புகாத அடுக்குகளுக்கிடையில் அழுத்தத்துடன் அடைபட்ட நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று பரந்துள்ளது. இத்தகைய அழுத்த நீரைத் தாழ்வான இடத்தில் துளையிட்டால், பம்பு இல்லாமலேயே அது தரைக்கு மேல் பொங்கி வழியும். கடலூர் மாவட்டத்தின் கீழ்ப்பகுதி உழவர்கள் அத்தகைய பொங்குகிணறுகளைக் கொண்டு பயிர் செய்துவந்தனர். சுரங்கத்திற்கோ அதே நீர் பேராபத்தாக இருந்தது. மேல்மண்ணை அகற்றிவிட்டால் கீழிருந்து உந்தும் அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடும் என்பதால், சுரங்கத்தைச் சுற்றிலும் உள்ளும் ஆழ்துளைகள் இட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. எடுக்கும் கரியின் எடையைப் போலப் பல மடங்கு நீர் வெளியேற்றப்பட்டது. அந்த இறைப்பு இன்றுவரை நிற்கவில்லை. பொங்குகிணறுகள் பொங்குவதை நிறுத்தி, அவற்றின் இடத்தை மோட்டார்கள் பிடித்தன.

1961 ஆகஸ்டில் கரிப்படுகை வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தில் மின்னாக்கம் தொடங்கி, 1970-க்குள் அது 600 மெகாவாட் திறனை எட்டியது. கரியைப் பயன்படுத்தி யூரியா உரமும், வீட்டு அடுப்புக்கான ‘லெக்கோ’ என்னும் புகை குறைந்த கரிக்கட்டியும் தயாரிக்கப்பட்டன. 1980-களின் நடுப்பகுதி முதல் இரண்டாவது அனல்மின் நிலையம் படிப்படியாக எழுந்து 1,470 மெகாவாட் அளவுக்கு வளர்ந்தபோது, அதன் மின்சாரம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவற்றுக்கும் பகிரப்பட்டது. அணைகள் வற்றும் ஆண்டிலும் விளக்கு அணையாமல் காத்தது நெய்வேலி என்று சொல்வதில் மிகையில்லை. அந்தப் பெருமையை மறுத்து எழுதப்படும் எந்த வரலாறும் நேர்மையானதாகாது.

அதே நேர்மை இழப்பின் கணக்கையும் எழுதக் கோருகிறது. திறந்தவெளிச் சுரங்கம் என்பது நிலத்தை முழுவதுமாகப் புரட்டிப் போடும் முறை. அது நகரும் திசையிலுள்ள ஊரும் கோயிலும் சுடுகாடும் இடம்பெயர்ந்தாக வேண்டும். 1950-களில் எழுந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள், இழப்பீட்டின் போதாமையையும், நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்த வேலையே எஞ்சியதையும் பற்றி இன்றும் மனு எழுதுகின்றனர். செம்மண் மேட்டிலிருந்து இறங்கிக் கடலூர் அருகே கடலை நோக்கிச் செல்லும் பரவனாறு, சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரைச் சுமக்கும் கால்வாயாகவும் ஆனது. அந்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் கோடையிலும் வந்து பயிருக்கு உதவியது உண்மை. அதனுடன் வந்த வண்டல் ஏரிகளின் கொள்ளளவை விழுங்கியதும் உண்மை. மழைவெள்ளக் காலத்தில் இந்த இரண்டாவது உண்மையின் விளைவு குறிஞ்சிப்பாடியின் தாழ்நில ஊர்களுக்குள் தண்ணீராக நுழைகிறது.

2023-ஆம் ஆண்டு இந்த நீண்ட கணக்கு நாடறிய வெளிப்பட்டது. ஏப்ரலில், மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றிருந்த கிழக்குச் சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று தொகுதிகள் எதிர்ப்பின் பின் நீக்கப்பட்டன. காவிரிப் படுகை உழவு நிலத்தைக் காக்க 2020-இல் இயற்றப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அந்த எதிர்ப்புக்கு வலு சேர்த்தது. ஆனால் ஏற்கெனவே இயங்கும் சுரங்கத்தின் விரிவாக்கம் நிற்கவில்லை. ஜூலை இறுதியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் கதிர்விடும் பருவத்து நெல்வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடைக்குச் சில வாரங்கள்கூடப் பொறுக்க இயலாதா என்பது மக்களின் கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் பயிரழிவைக் கண்டித்து, ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. சட்டப்படி நிலம் யாருடையதாயினும், நின்ற பயிரை அழித்தது தவறு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

தூய ஆற்றல் பற்றிய இன்றைய விவாதத்தை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். அணை புகையற்றது என்பது அதன் ஒரு பக்கம். உலகெங்கும் பேரணைகளால் 4 கோடி முதல் 8 கோடி மக்கள் இடம்பெயர்ந்தனர் என்று உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டம் காட்டைக் காக்கும் பொருட்டே கைவிடப்பட்டது. மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றும்போது தலைகாட்டும் பழைய கோயிலின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் அங்கே மூழ்கிய ஊர்களின் சான்றுகளாக நிற்கின்றன. மின்வாகனத்தின் நிலையும் இதுவே. ஓசூரும் கிருஷ்ணகிரியும் மின் ஸ்கூட்டர் உற்பத்தியில் நாட்டின் முன்னணியில் உள்ளன. ஆனால் இரவில் வீட்டு வாசலில் சார்ஜ் ஏறும் வண்டிக்குள் செல்வது பெரும்பாலும் சூரிய ஒளியின் மின்சாரம் அன்று, கரியின் மின்சாரம். அதிலும் ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி, ஒரே அளவு மின்சாரத்துக்கு நல்ல நிலக்கரியைவிடக் கூடுதலான கரியமில வாயுவை வெளியிடுகிறது. நகரத்துச் சாலையில் புகை இல்லாமற்போவது நன்மைதான், அதை எவரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தப் புகை வேறோர் ஊரின் வானத்துக்கு மாறியதை மறைத்துப் பேசுவதுதான் பிழை.

இதற்கு விடை பழைய தொழில்நுட்பத்தின் புதிய வடிவில் தேடப்படுகிறது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் கொண்டு கீழ்த்தேக்கத்தின் நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றி, இரவில் அதை இறக்கி மின்னாக்கம் செய்யும் முறையே நீரேற்று மின் நிலையம். 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து தமிழகத்தில் இவ்வகையில் அமைந்துள்ளது, குந்தாவில் 500 மெகாவாட் நிலையம் கட்டப்பட்டுவருகிறது. மழையை நம்ப முடியாது என்று அணையை விட்டுக் கரிக்கு வந்த மாநிலம், கரியை விட்டு விலகுவதற்கு மீண்டும் அணையின் துணையையே நாடுகிறது.

நெய்வேலியிலும் மாற்றம் தொடங்கிவிட்டது. 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதே ஆண்டின் மே, ஜூலை மாதங்களில் இரண்டாவது நிலையத்தின் கொதிகலன் வெடிப்புகள் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தன. நிறுவனம் நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சூரிய மின் பூங்காவை அமைத்து, தென் மாவட்டங்களிலும் சூரிய மின்னாக்கத்தில் பெரிய அளவில் இறங்கியுள்ளது. ஆயினும் 1,000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையமும் இதே காலத்தில்தான் இயங்கத் தொடங்கியது. ஆகவே சுரங்கம் இன்னும் பல ஆண்டுகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

மூடும் காலத்துக்கு முன்பே செய்ய வேண்டிய பணி உண்டு. மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடுதல் திட்டமும் அதற்கெனத் தனி வைப்புநிதியும் இருக்க வேண்டும். நெய்வேலிச் சுரங்கங்களுக்குரிய அந்தத் திட்டங்கள், எந்த நிலம் எந்த ஆண்டில் சமப்படுத்தப்படும், அது யாருக்குத் திரும்பும், நிலத்தடி நீர் இறைப்பு எப்போது குறையும், வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் யார் செலவில் தூர்வாரப்படும் என்ற விவரங்களுடன் எளிய தமிழில் அச்சிடப்பட்டு, குறிஞ்சிப்பாடி, புவனகிரி வட்டங்களின் கிராம சபைகளில் வைக்கப்பட வேண்டும். சூரிய மின் திட்டங்களில் உருவாகும் நிரந்தர வேலைகளில் முதல் உரிமையும், கரிக்காக நிலம் கொடுத்த குடும்பங்களுக்கே வழங்கப்பட வேண்டும்.